வெளியே நின்ற ஓட்டு

நகராட்சிக் கூட்ட அறைக்கு வெளியே, உறுப்பினர் வெர்னா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். உள்ளே அவள் தெருவுக்குத் தார் போடுவதா, மண்சாலையாகவே விடுவதா என்று வாக்கெடுப்பு. சொந்தத் தெரு என்பதால் அவள் உள்ளே இருக்கக் கூடாது, விதி அப்படி. பதினொரு வருஷமாக ஊர்த் தெருவுக்கெல்லாம் தூக்கிய கை அது. ஜன்னலில் வெளிறிய மார்ச் வெயில். தரை துடைக்கும் ஆரின் அவள் பூட்ஸைச் சுற்றித் துடைக்கிறான். "என்னக்கா, உங்களையே வெளிய நிறுத்திட்டாங்களா?" "நியாயம்னா நியாயந்தான். ஆனா எங்க தெருவுல பனி உருகி முழங்கால் வரைக்கும் சேறு, ஆரின்." கதவைத் திறந்து செயலாளர் தலையை நீட்டுகிறார். "மூணுக்கு மூணு. சமமா நின்னா தோல்விதான், ஒரு ஓட்டு குறைஞ்சு போச்சு, தார் கிடையாது. வாங்க மேடம், அடுத்தது நாய் லைசென்ஸ்." வெர்னா பெருமூச்சு விட்டு உள்ளே போகிறாள். அவள் நின்ற இடத்தில் அவள் தெரு இரண்டு சேற்றுப் பாதங்களாகப் படிந்திருக்கிறது. ஆரின் அதையும் துடைக்கிறான்.