ஒன்பது கோவிந்தா

“இது ரிப்போர்ட்டா, இல்ல பஜனை மடமா?”

பரந்தாமன் போட்ட சத்தத்தில் திருத்தணி பஸ் ஸ்டாண்டு எதிரே, மாடியிலிருந்த அந்தச் சின்ன சாப்ட்வேர் ஆபீஸே ஒரு ஆட்டம் ஆடியது. முதலாளி, மாசம் தவறாமல் திருப்பதி போய் வருகிறவர். கோபம் வராதா பின்னே?

கனகம்மாசத்திரம் தேசப்பனின் டூர் பஸ்களுக்கு சீட் புக் பண்ணுகிற ஜாவா புரோகிராம், பரந்தாமனும் உட்கார்ந்து எழுதியது. புரோகிராமைப் புதிதாகத் தொகுக்கிற ‘பில்டு’ ஓடும்போதெல்லாம் முந்நூறு டெஸ்ட்டும் தானாக ஓடி, எது பாஸ், எது ஃபெயில் என்று ரிப்போர்ட் வந்துவிடும். இன்றைக்கு முதல் அது தேசப்பனுக்கும் மெயிலில் போக வேண்டும்.

“இங்கிலீஷ்ல வந்தா எனக்கு இன்னா புரியும்? நம்ம பாஷையில போடுங்க” என்று அவர் கேட்க, அந்த வேலை கல்பனா தலையில் விழுந்தது. சேர்ந்து மூணே மாசம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

மகராசி, பாஸுக்கு ‘அரோகரா’, ஃபெயிலுக்கு ‘கோவிந்தா’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டாள்.

“291 அரோகரா, 9 கோவிந்தா! ஏம்மா, உன் முருகன் பாஸு, என் பெருமாள் ஃபெயிலா?”

“ஐயோ, அப்படி இல்ல சார். போச்சுன்னா கோவிந்தான்னு எல்லாரும் சொல்றதுதானே…”

“அப்ப மாத்திப் போடு. பாஸுக்கு கோவிந்தா, ஃபெயிலுக்கு அரோகரா.”

பக்கத்து சீட்டு தணிகைமணி விருட்டென்று எழுந்தான். வருஷா வருஷம் ஆடிக்கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவன். “மலை மேல முருகன் பார்த்துகினு கீறாரு சார். அப்புறம் பில்டே ஓடாது, சொல்லிட்டேன்!”

“ரெண்டு சாமியும் வேணாம். பழைய இங்கிலீஷ் ரிப்போர்ட்டையே அனுப்பு!”

கல்பனாவுக்கு முகம் வெளிறிப் போயிற்று. “பழசு வேணாம் சார். வேற வார்த்தை வெச்சுத் தரேன்.”

“எதிர்த்து வேற பேசறியா? பழசை அனுப்பிட்டு நாளையிலேர்ந்து வீட்லயே இரு. சாமியோட விளையாடுற ஆளு எனக்கு வேணாம்.”

கண்ணில் தண்ணீர் முட்ட, அவள் பழைய ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டுப் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அஞ்சு நிமிஷத்தில் தேசப்பனிடமிருந்து போன். 291 பாஸுக்குப் பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று பரந்தாமன் ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், எல்லாம் இங்கிலீஷா கீது. ஃபெயிலும் பேரும் மட்டும் எழுத்துக் கூட்டிப் படிச்சேன். ஃபெயிலான ஒம்போதுக்கும் எதிர்ல பரந்தாமன், பரந்தாமன்னே வந்துகீது. உங்க பேர்லயே ஒரு பையன் வேலை செய்யறானா? அவன மொதல்ல வீட்டுக்கு அனுப்புங்க சார்!”

தணிகைமணி கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான்.

போனை வைத்த பரந்தாமன் கல்பனா பக்கம் திரும்பினார். “பையைக் கீழ வைம்மா… இதுல புரோகிராம் எழுதினவங்க பேரெல்லாமா வருது?”

“ஆங், வரும் சார். நீங்க ஒரு நாளும் திறந்து பார்த்ததில்ல. அந்தப் பேரை எடுத்துட்டுத்தான் சாமி பேரை வெச்சேன். தேசப்பன் சார் அதைப் பார்த்துச் சிரிச்சுட்டு விட்டுடுவாரு, யாரு எழுதினதுன்னு கேக்க மாட்டாருன்னு நெனச்சேன்.”