கொக்கு சொன்ன கோளாறு

ஆற்றங்கரை வளையொன்றில் ஒரு நீர்நாய் தன் குட்டி சுழியனோடு வாழ்ந்துவந்தாள். சுழியன் ஓரிடத்தில் நிற்க மாட்டான். மீனைப் பாதி தின்றுவிட்டுத் தவளையைத் துரத்துவான், தவளையை விட்டுவிட்டுச் சேற்றில் உருளுவான்.

"என் குஞ்சைப் பாருங்கள், காலையிலிருந்து அசையாமல் நிற்கிறது. உங்கள் பிள்ளைக்கு ஏதோ கோளாறு அக்கா," என்றாள் பக்கத்து மரத்துக் கொக்கு.

தாய்க்குப் பகீரென்றது. அன்றிலிருந்து அவனை வெளியே விடவில்லை. சுழியன் வளைக்குள் கிடந்து அழுதான். அதைத் தாங்க முடியாமல், குட்டிகளுக்கு வைத்தியம் பார்க்கும் கூழைக்கடாப் பறவையிடம் கூட்டிப்போனாள்.

"கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா?" என்று கேட்டார் கூழைக்கடா.

"பார்ப்பான். ஓடிவந்து மூக்கை உரசிவிட்டு மறுபடி ஓடுவான்."

"தூக்கம்?"

"விளையாடி முடித்ததும் விழுந்த இடத்திலேயே தூங்கிவிடுவான்."

"இவன் வயது நீர்நாய்க் குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்தாயா?"

"கொக்குக் குஞ்சைத்தான் பார்த்தேன்."

கூழைக்கடா அவர்களை ஆற்றின் வளைவுக்கு அழைத்துப்போனார். அங்கே நீர்நாய்க் குட்டிகள் கூட்டமாகக் குதித்துக்கொண்டிருந்தன. சுழியன் பாய்ந்து அவற்றோடு கலந்துவிட்டான்.

"மற்றவர்கள் அடங்கும் வயதிலும் இவன் மட்டும் அடங்க முடியாமல் திண்டாடினால் கூட்டி வா, பார்ப்போம். இப்போது சொல், இதில் உன் பிள்ளை எது?"

தாய் உற்றுப் பார்த்தாள். எல்லாம் சேறு, எல்லாம் ஓட்டம். அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

"தெரியவில்லையே ஐயா," என்றாள்.