கருவாட்டில் கருப்பட்டி

வீரபாண்டித் திருவிழாவுக்கு நடந்தும் சைக்கிளிலும் வருகிறவர்களுக்குக் கஸ்தூரியம்மாள் அறை விடுவாள். அடுப்பும் விறகும் அவளுடையவை. சமையல் அவரவர் பாடு.

அன்று சைக்கிளில் வந்த தாடிக்காரர் கருவாட்டுக் குழம்பு வைத்தார்.

"கருவாட்டுல கருப்பட்டியா போடுற?" என்று கத்தியபடி, விறகுக்கட்டையால் அவர் மண்டையைப் பிளந்தாள் கஸ்தூரி.

அலறலைக் கேட்டபின் பக்கத்து வீட்டில் சும்மா இருக்க நான் என்ன கல்லா? ஓடிப்போய்க் கட்டையைப் பிடுங்கினேன். குழம்புச் சட்டியில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏத்தா, இதுக்குக் கொலையா செய்வ? அவுக நாக்கு, அவுக ருசி!"

"இப்படித் திங்கிறவன் உலகத்துல ஒருத்தன்தான்க்கா! மூணாறு எஸ்டேட்டுல காலராவுல செத்துட்டான்னு பத்து வருசத்துக்கு முன்ன கடுதாசி வந்துச்சு. இவனுக்குத்தான் கம்பத்துல தாலியறுத்துட்டு இங்கன வந்தேன்!"

தாடிக்காரர் மெல்ல வாசலைப் பார்த்தார்.

நான் கதவைத் தாழிட்டுவிட்டு, கட்டையை அவளிடமே கொடுத்தேன்.