குவானாக் மலையில் ஒரு சொல்லாராய்ச்சி

“அதை ஸ்டெம் செல்னு சொல்றதே தப்பு” என்று செங்குத்தான ஏற்றத்தில் நின்றுவிட்டார் பியோ.

முன்னால் போனவர்கள், பின்னால் வந்தவர்கள், எல்லோரும் நிற்க வேண்டியதாயிற்று. பியோ மருத்துவ அகராதி தொகுத்து ஓய்வு பெற்றவர். எங்கள் மலையேற்றச் சங்கத்தில் அவர் பக்கத்தில் நடக்க யாருக்கும் ஆசை கிடையாது.

குற்றவாளி யோங்-நான் அம்மா. முட்டி அறுவைக்குப் பிறகு அவருக்கு இது முதல் மலை. “தொப்புள்கொடி ஸ்டெம் செல் வெச்சாங்க, புதுக் குருத்தெலும்பு முளைச்சாச்சு” என்று காலையிலிருந்து பெருமை. பயமும் இருந்தது. வரிசையை அடிக்கடி நிறுத்துகிறவரை அடிவாரக் குழுவுக்கு மாற்றிவிடுவது சங்கத்து வழக்கம். அங்கே போனவர் யாரும் திரும்பி மேலே வந்ததில்லை.

“அந்த செல் எலும்பாகும், குருத்தெலும்பாகும், கொழுப்பாகும். நரம்பாகுமா? ஸ்ட்ரோமல் செல்னு, அதாவது இணைப்புத் திசு செல்னு சொல்லணும்” என்றார் பியோ.

“அண்ணே, இதை உச்சியில மக்கொல்லி அரிசிக் கள்ளு குடிக்கிறப்ப சொல்லக்கூடாதா?” என்றார் தலைவர் மேங்.

“தப்பான சொல்லைச் சுமந்துக்கிட்டு என்னால ஏற முடியாதுப்பா.”

பாறைகளில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் கடித்தோம்.

அடுத்த வளைவில் பியோ மறுபடியும் நின்றார். “முளைச்சது வழவழன்னு இருக்கிற கண்ணாடிக் குருத்தெலும்பா, சீக்கிரம் தேயுற நார்க் குருத்தெலும்பா?”

“என் முட்டிக்குள்ள நான் எட்டியா பார்த்தேன்?” யோங்-நான் பாறையில் சாய்ந்துகொண்டார். “நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?”

உச்சிக்குக் கீழே, கடைசிப் படிகளில், “மறுபடி வளர்றது வேற, ஒட்டுப்போடறது வேற” என்று பியோ மூன்றாம் முறையாக நின்று தொடங்கினார்.

மேங்குக்குப் பொறுமை போய்விட்டது. “அண்ணே, அடுத்த மாசத்திலேருந்து நீங்க அடிவாரக் குழு.”

யாரோ கை தட்டினார்கள்.

“அங்கேயும் தப்பாத்தான் பேசுவாங்க” என்றார் பியோ, வருத்தமே இல்லாமல்.

உச்சியில் படம் எடுத்து முடிந்ததும், யோங்-நான் ஒரு கிண்ணத்தில் மக்கொல்லி ஊற்றி, இரண்டு கையாலும் பியோவிடம் நீட்டினார். மற்றவர்கள் காதில் விழாதபடி சொன்னார்:

“நீங்க நிறுத்தின ஒவ்வொரு இடத்துலயும், இன்னும் ரெண்டடி வெச்சிருந்தா, ‘கொஞ்சம் நில்லுங்க’ன்னு நானே கேட்டிருப்பேன்.”