காலிக் கோட்டை

வரலாற்றில் அந்தக் கோட்டை முற்றுகையின் ஒன்பதாம் நாள் விழுந்தது. மேஜையில் விரித்த வரைபடத்தில் அது பத்தாம் நாளைப் பார்த்துவிட்டால், நஸீமாவுக்குப் போர் விளையாட்டுச் சங்கத்தில் இடம். புதிதாக வருகிறவர்களுக்குத் தோற்ற பக்கத்தைத்தான் கொடுப்பார்கள்.

ஒன்பதாம் நாள். அவளிடம் மிஞ்சியது ஒரே ஓர் அட்டைக் குதிரை. மூன்று பக்கமும், எதிரே ஆடும் எபனேசரின் யானைகள்.

"குதிரையை வாசல்லயே நிறுத்துங்க மேடம். புதுசா ஆடறவங்களுக்கு நான் சொல்றது இது ஒண்ணுதான்."

அவள் குதிரையை எடுத்தாள். கோட்டையைக் காலியாக விட்டு, நான்காவது பக்கமாக ஆற்றங்கரைக்கு ஓட்டினாள்.

எபனேசர் சிரித்துவிட்டார். "கதவைத் திறந்து போட்டுட்டு காத்து வாங்கப் போறீங்களா?"

ஆற்றங்கரையில், காவலே இல்லாமல் அவருடைய தீவன வண்டி நின்றது. நஸீமா அதைத் தூக்கி டப்பாவில் போட்டாள்.

அவர் யானை மேல் கை வைத்தார்.

"தீவனம் இல்லாத யானை ஒரு கட்டம்கூட நகராது சார். ரூல்ல இருக்கு."

எபனேசர் விதிப்புத்தகத்தை முன்னாலிருந்து புரட்டினார். பிறகு பின்னாலிருந்து.

"நிதானமா தேடுங்க" என்றாள் நஸீமா. அவள் விரல், நாள் எண்ணும் காயின் மேல் இருந்தது.