நாமகிரி மாமி பேசுகிறாள்

"ஸௌம்யா நேத்திக்குப் பக்கத்தாத்து நம்பர்ல கூப்பிட்டா. சின்னதுக்குப் பல் முளைச்சிருக்காம், கீழே ரெண்டு. கையில எது கிடைச்சாலும் கடிச்சு வைக்கறதாம்!"

நாமகிரி மாமி ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக் குழாயின் மேல் குனிந்து பேசிக்கொண்டிருந்தாள். ஆள் நீளத்துக்கு இருந்த அந்தக் குழாய்க்குள் அவள் கணவர் ஸௌந்தரராஜன் கண்களை மூடி மல்லாந்து படுத்திருந்தார். அவரைச் சுற்றி ஆக்ஸிஜன் அழுத்தத்தோடு நிரம்பியிருந்தது.

இயந்திரத்தை இயக்கும் நஸ்னீனுக்கு இந்தக் காட்சி பழகிவிட்டது. முதல் நாள் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மாமி, இதுல பேசினா உள்ள ஸ்பீக்கர்ல வரும், சரி. அவருக்குதான் காதே கேக்கலையே, அப்புறம் எதுக்குப் பேசிக்கினே இருக்கீங்க?"

"கேக்காதுன்னுதாம்மா பேசறேன்" என்றாள் மாமி.

பாசத்தில் ஏதோ சொல்கிறாள் என்று நஸ்னீன் விட்டுவிட்டாள். தனக்கு வரப்போகிறவனும் இப்படி ஒரு பேச்சுக்குக் கொடுத்துவைத்தவனாக இருக்கட்டும் என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் காலையில் எழுந்தபோது ஸௌந்தரராஜனுக்கு இரண்டு காதும் போயிருந்தது. சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் புறப்பாட்டின்போது பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் அவர் முன்வரிசைக்காரர். கூடச் சொல்கிறவர்களின் குரல் காதில் விழாமல் கோஷ்டியில் சேர முடியாது. மனுஷர் உடைந்தே போனார். தெருவில் தெரிந்தவர்கள் எதிர்ப்பட்டாலும் கையை மட்டும் கூப்பிவிட்டு நகர்ந்தார்கள். காது கேளாதவரிடம் நின்று என்ன பேசுவது?

"காது நரம்பு ஆக்ஸிஜன் இல்லாம துவண்டு போயிருக்கலாம். அழுத்தத்தோட சுத்தமான ஆக்ஸிஜன் கொடுத்தா, அது ரத்தத்துல நிறையக் கரைஞ்சு அங்க போய்ச் சேரும். சில பேருக்குக் காது திரும்பியிருக்கு, எல்லாருக்கும்னு சொல்ல முடியாது" என்று டாக்டர் எழுதிக் காட்டினார். ஸௌந்தரராஜன் மறுநாளே வந்து படுத்துவிட்டார்.

ஆக்ஸிஜன் நிறைந்த இடத்தில் ஒரு சின்னப் பொறி போதும் என்பதால் உள்ளே பருத்தித் துணி மட்டும்தான். பட்டுத் துணியைக் கழற்றி வைத்துவிட்டு வா என்று சொல்லும் இடம் காஞ்சிபுரத்திலேயே இது ஒன்றுதான். நெற்றியில் திருமண்கூட இருக்கக்கூடாது என்றார்கள். அதையும் முணுமுணுக்காமல் துடைத்துக்கொண்டார். வைகாசி கருடசேவைக்குள் காது வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

வரவில்லை. காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொல்லும் அந்தச் சோதனையை இன்று காலையும் செய்தார்கள். விரல் அசையவே இல்லை.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "மாமி, டாக்டர் கூப்புடறாரு."

"இருங்கோ, மீதியை வந்து சொல்றேன்" என்று ரிசீவரில் சொல்லிவிட்டு மாமி போனாள்.

டாக்டர் என்ன சொல்லப்போகிறார் என்று நஸ்னீனுக்குத் தெரியும். இன்றோடு போதும், இனி பலன் இல்லை. பாவம் என்று இருந்தது. இனி அந்த வீட்டில் மாமி பேசிப் பேசி மாய வேண்டியதுதான், பதிலுக்கு ஒரு 'உம்' வராது.

அழுத்தத்தைக் குறைக்கும் நேரம் வந்தது. வழக்கமாகக் கண்ணாடியைத் தட்டி அவர் கண்ணைத் திறக்க வைத்து, கையால் ஜாடை காட்டுவாள். இன்று மனம் எங்கேயோ இருந்தது. மற்ற நோயாளிகளிடம் சொல்வதுபோல் ரிசீவரை எடுத்துச் சொல்லிவிட்டாள்.

"மாமா, பிரஷரை இறக்கப் போறேன். மூச்சை அடக்காதீங்க. எச்சில் முழுங்கிக்கினே இருங்க."

மூடிய கண் மூடியபடியே இருந்தது. ஆனால் தொண்டை ஏறி இறங்கியது. ஒரு தடவை. மறுபடியும் ஒரு தடவை.

நஸ்னீனின் கை அழுத்தக் குமிழிலேயே நின்றுவிட்டது.

"மாமா… உங்களுக்குக் கேக்குதா?"

இமைகள் நடுங்கின. ஓரத்தில் கண்ணீர் வழிந்து காதுப்பக்கம் இறங்கியது. அவர் மெல்லத் தலையசைத்தார்.

"யா அல்லா! எப்போலேருந்து?"

"வெள்ளிக்கிழமைலேர்ந்து" என்றது வெளிப்பக்க ஸ்பீக்கரில் அவர் குரல்.

"அப்புறம் ஏன் விரலைத் தூக்கல? கருடசேவைக்குப் போகலாம்ல நீங்க! இருங்க, மாமியைக் கூட்டியாறேன். எவ்ளோ சந்தோஷப்படுவாங்க!"

"வேண்டாம்! வேண்டாம்மா!" உள்ளங்கையைக் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு அவர் கெஞ்சினார். "எம்பொண்ணு ஸௌம்யா தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிண்டா. இனிமே அவ பேரை இந்தாத்துல எடுக்கப்படாதுன்னு கத்தினேன். அன்னிக்கு வாயை மூடினவ நாமகிரி. ஒம்போது வருஷம்! தளிகை பண்ணுவா, இலை போடுவா, ஒரு வார்த்தை கிடையாது. எனக்குப் பேத்திகள் இருக்குன்னே இந்தக் குழாய்க்குள்ள வந்துதான் தெரியும்."

"அதையே மாமிகிட்ட சொல்லுங்களேன் மாமா!"

நடையில் மாமியின் வளையல் சத்தம் கேட்டு நஸ்னீன் திரும்பிப் பார்த்தாள். அதைக் கண்டதும் அவர் அவசரமாகக் கண்களை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது.

"சொல்லிடாதேம்மா. செவிடன்கிட்டதான் அவ பேசுவா."