படகு இழுக்கும் வண்டி

பழைய காருக்கு விலை மதிக்க வந்த ஆள் அதன் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் உருவினான்.

முழு நீளத்துக்கும் விரலை ஓட்டிப் பார்த்தான். சேறு இல்லை.

கால்மிதியைத் தூக்கினான். ஸ்பேர் டயர் கிடக்கும் பள்ளத்துக்குள் டார்ச் அடித்தான். துரு இல்லை. பிறகு நாலு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்தான்.

காரின் சொந்தக்காரர் வெளியே நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாடையும் இல்ல சார்."

மனைவியின் தைல வாடை கொஞ்சமாவது இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார்.

"உங்க ஏரியாவுல வெள்ளத் தண்ணி ஏறாத வண்டிய இப்பதான் பாக்கறேன். மேம்பாலத்துல கொண்டு போய் விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேன்."

"கெட்டிக்காரர் சார் நீங்க."

ஷோரூமுக்குள் மகள் காத்திருந்தாள். தனியாகப் பஸ்ஸில் வந்திருந்தாள். போன டிசம்பருக்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறியதில்லை. ஏன் என்று கேட்டால், பஸ் வசதியாக இருக்கிறது என்பாள்.

அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

விற்பனையாளர் ஆண்டனி டையைச் சரிசெய்துகொண்டு, என்ன மாதிரி வண்டி பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

குடும்பத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஆண்டனி தலையாட்டினார். மைலேஜ் நன்றாகக் கொடுக்க வேண்டும். அதற்கும் தலையாட்டினார். படகை இழுக்க வேண்டும்.

தலை நின்றுவிட்டது.

"படகுன்னா... போட்டா சார்?"

"போட்தான். பத்தடி, ஃபைபர். ட்ரெய்லரோட சேத்து இருநூத்தி எண்பது கிலோ. அதை இழுத்துக்கிட்டு லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?"

ஆண்டனி மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் போனில் யாரையோ கேட்டார். டீசல் எடுத்தால் பதினாலு கொடுக்கும், பெட்ரோல் என்றால் பதினொன்று, மேடு ஏறினால் இன்னும் குறையும் என்று பதில் வந்தது.

"மேடு உண்டு. ஒண்ணே ஒண்ணு."

படகு ஆறு மாதமாக அவர்களுடைய அடுக்ககத்தில், கார் நிற்க வேண்டிய இடத்தில் கிடந்தது. கார் தெருவில் நின்றது. பார்க்கிங் நான்கு சக்கர வாகனங்களுக்கு மட்டும் என்று குடியிருப்போர் சங்கம் கடிதம் கொடுத்தது. அவர் ட்ரெய்லர் வாங்கி அதன்மேல் படகை ஏற்றினார். அதற்கு இரண்டு சக்கரம். சங்கம் மீதி இரண்டைக் கேட்டு இன்னொரு கடிதம் கொடுத்தது.

"ஃபேமிலியா முட்டுக்காடு பக்கம் போட்டிங் போவீங்க. ஜாலிதான் சார்," என்றார் ஆண்டனி.

"இல்ல. மேம்பாலத்துக்கு."

அவர் விலைப்பட்டியலைத் திருப்பிப்போட்டுப் படம் வரைந்தார். இந்தக் கட்டம் வீடு. இந்தக் கோடு மேம்பாலம். மழை எச்சரிக்கை வந்ததும் காரின் பின்னால் படகைக் கட்ட வேண்டும். மேம்பாலத்தில் காரை ஓரமாக விட வேண்டும். படகை அவிழ்க்க வேண்டும். படகிலேயே வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

போவதற்கு ஒரு அம்பு போட்டார். வருவதற்கு ஒன்று.

போன டிசம்பரில் அந்த இரண்டாவது அம்பு இல்லை.

அன்றைக்குக் காரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, வந்த தெருவைக் காணோம். கழுத்தளவுத் தண்ணீர். பதினாறு மணி நேரம் மேம்பாலத்திலேயே நின்றார். வீட்டில் கரண்ட் இல்லை. மனைவி வத்சலாவுக்கு வீசிங். நெபுலைசர் ஓடவில்லை. மாடிப்படியில் அம்மாவை மடியில் சாய்த்துக்கொண்டு மகள் ஒரு கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தாள். மீட்புப் படகு வருகிறது, படகு வருகிறது என்று தெருவே சொன்னது.

வந்தது. மறுநாள்.

போனில் வத்சலா கடைசியாகக் கேட்டது, கார் பத்திரமா என்றுதான்.

பத்திரம் என்றார். உண்மைதான்.

மகள் எழுந்து வந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"படகு நம்ம வீட்டுக் கீழதானே இருக்கு?"

"ஆமா."

"அதை எதுக்கு மேம்பாலத்துக்கு இழுத்துட்டுப் போகணும்?"

"திரும்பி வர்றதுக்கு."

"எதுக்குப் போறீங்க?"

"காரை விட."

அவள் காகிதத்தை மேசையில் வைத்தாள்.

"கார் இல்லேன்னா நீங்க போகவே வேணாமேப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுப்பாடத்தில் தப்பான இடத்தைத் தொட்டுக் காட்டுகிற மாதிரி சொன்னாள்.

ஆண்டனி காகிதத்தைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

சீட் பெல்ட்டை உருவியவன் உள்ளே வந்து, பழைய வண்டிக்கு நல்ல விலை போட்டிருப்பதாகச் சொன்னான். அவர் சாவியை அவன் கையில் வைத்தார்.

"புதுசு எதை சார் புக் பண்ணட்டும்?" என்றார் ஆண்டனி.

"எதுவும் வேணாம்."

ஆண்டனிக்கு நிஜமாகவே கவலையாகிவிட்டது.

"அப்ப போட்டை எது சார் இழுக்கும்?"

அவர் யோசித்தார்.

"அது வீட்டுலயே இருக்கும்," என்றாள் மகள்.

பஸ் ஸ்டாப்பில் அவருக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்து நிழலுக்குள் இழுத்தாள்.

முன்புறம் பிங்க் பெயிண்ட் அடித்த பஸ் வந்தது. பெண்களுக்கு இலவசம். அவருக்கு மட்டும் அவள் டிக்கெட் எடுத்தாள்.

பெண்கள் சீட் நாலு காலியாக இருந்தன. அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மேம்பாலம் வந்தது. பஸ் முனகிக்கொண்டே ஏறியது. கைப்பிடிச் சுவரோரம், அவர் கார் நின்ற இடத்தில், யாரோ இளநீர் வண்டி போட்டிருந்தார்கள். அவர் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பஸ் நிற்கவில்லை.

வீட்டுப் பக்கமாக இறங்கியது.